மாமனார் மாமியாரோடு ஆர்.வி. பயணம்: எத்தனை பூங்கா, எவ்வளவு பெரிய வண்டி?

கேள்வி: நாங்கள் டல்லாஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். மாமனாருக்கு 69 வயது, பிளட் பிரஷர் மாத்திரை எடுக்கிறார். மாமியாருக்கு முட்டிவலி. பிள்ளைகளுக்கு 10 வயது, 5 வயது. அடுத்த ஜூனில் 16 நாள் லீவு போட்டு, லாஸ் வேகஸில் 32 அடி ஆர்.வி. (உள்ளேயே சமைத்து, தூங்க வசதியுள்ள வண்டி) எடுத்து, சயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கிராண்ட் டீட்டான், யெல்லோஸ்டோன், கிளேசியர் என்று ஏழு தேசியப் பூங்காக்களையும் பார்த்துவிட்டு வேகஸிலேயே வண்டியை விடலாம் என்று இருக்கிறோம். கணவர் இதுவரை பெரிய வண்டி ஓட்டியதில்லை. இந்தத் திட்டம் சரிவருமா? சமையலை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

சால்ட் லேக் சிட்டியில் ஆர்.வி. வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் பதினோரு வருஷம் சாவி கொடுக்கும் வேலை பார்த்தேன். இப்போது குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தருகிறேன். உங்கள் பட்டியலை வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். பூங்காக்களுக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 3,000 மைலை நெருங்குகிறது. கிளேசியரிலிருந்து வேகஸ் திரும்புவதற்கு மட்டுமே ஆயிரம் மைலுக்கு மேல். கூகுள் மேப் காட்டும் நேரம் காருக்கானது. ஆர்.வி.க்கு அதோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் கணவர் 16 நாளில் பாதி நாளை ஸ்டியரிங் பிடித்தே கழிப்பார். மாமியார் முட்டியை மடக்கியபடி சாப்பாட்டு மேஜை சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

அதனால் முதலில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மூன்று பூங்காக்களை விட்டுவிடுங்கள். கிளேசியர், ஆர்ச்சஸ், கேபிடல் ரீஃப். மீதி நாலில் யெல்லோஸ்டோனும் கிராண்ட் டீட்டானும் ஆர்.வி.க்கு ஏற்றவை. சயானும் பிரைஸும் காருக்கு ஏற்றவை. ஒரே பயணத்தில் இரண்டு வண்டி எடுப்பது வீண் செலவாகத் தோன்றும். ஏன் சொல்கிறேன் என்று பாருங்கள்.

கிளேசியருக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க நினைப்பது கோயிங்-டு-தி-சன் ரோடு என்ற மலைச்சாலை. அதன் நடுப்பகுதியில், அவலாஞ்ச் முதல் ரைசிங் சன் வரை, 21 அடிக்கு மேல் நீளமோ கண்ணாடிகளோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. உங்கள் 32 அடி வண்டி அங்கே கீழேயே நிற்க வேண்டியதுதான். பனி வெட்டி அந்தச் சாலை முழுதாகத் திறப்பதும் பெரும்பாலும் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோதான். இதற்காக மொன்டானா வடகோடி வரை போய்வருவது நியாயமில்லை.

சயானில் வேறு சிக்கல். அங்கிருந்து கிழக்கே பிரைஸுக்குப் போகும் சாலையில் 1930-ல் திறந்த 1.1 மைல் சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்களை மனதில் வைத்துக் குடைந்தது. பெரிய வண்டி வந்தால் எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொண்டிருந்தார்கள். 2026 கோடையிலிருந்து அதுவும் இல்லை. 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டினால் வெளியே சுற்றித்தான் போக வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் கிளாஸ் சி வண்டிகள், அதாவது டிரைவர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை, அநேகமாக இந்த அளவைத் தாண்டிவிடும். போதாததற்கு, சீசனில் சயான் பள்ளத்தாக்குக்குள் சொந்த வண்டிக்குப் பொதுவாக அனுமதி இல்லை, பூங்காவின் ஷட்டில் பஸ்தான். ஜூன் வெயில் அங்கே 38 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்த வெயிலில் ஆர்.வி.யை நிறுத்திவிட்டு ஏ.சி.யோடு போராடுவதற்கு, பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரில் ஷட்டில் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் அறை எவ்வளவோ மேல்.

சரி, என் திட்டம் இது. டல்லாஸிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு விமானத்தில் வாருங்கள். வண்டியை மத்தியானத்துக்கு மேல்தான் கையில் கொடுப்பார்கள். அன்றைக்கு எங்கேயும் போகவேண்டாம். இந்திய மளிகைக் கடைக்குப் போய்விட்டு ஊருக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். கழிவுநீர்க் குழாய் எங்கே இருக்கிறது, தண்ணீர் மோட்டார் சுவிட்ச் எது, டேபிளைப் படுக்கையாக்குவது எப்படி, இதையெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தரம் செய்து பாருங்கள். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் மறுநாள் காலை திரும்பிப் போய்க் கேட்கலாம்.

இரண்டாம் நாள் லோகன் கேன்யன் வழியாக பேர் லேக். ஏறக்குறைய 125 மைல். மலை ஏறி இறங்கும்போது சட்டென்று கீழே பச்சை கலந்த நீலத்தில் ஏரி தெரியும், மாமனார் கட்டாயம் போனை எடுப்பார். அந்த இறக்கத்தில்தான் உங்கள் கணவர் முதல் பாடம் கற்கப்போகிறார். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கக்கூடாது, சூடேறிப் பிடிமானம் போய்விடும். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினை வைத்தே வேகத்தைப் பிடிக்க வேண்டும். ஊரில் மலைப்பாதை பஸ் டிரைவர்கள் ஏறின கியரிலேயே இறங்குவார்களே, அதே கணக்குதான்.

மூன்றாம் நாள் ஆஃப்டன், ஆல்பைன் வழியாக ஜாக்சன், அதைத் தாண்டி கிராண்ட் டீட்டானுக்குள் கோல்ட்டர் பே. ஏறக்குறைய இருநூறு மைல். ஜி.பி.எஸ். எப்போதாவது விக்டர் பக்கமாக டீட்டான் பாஸ் வழியைக் காட்டினால் கேட்காதீர்கள், அது 10 சதவீதச் சரிவு. கோல்ட்டர் பேயில் தண்ணீர், கரண்ட், கழிவுநீர் மூன்று இணைப்பும் உள்ள ஆர்.வி. பார்க் இருக்கிறது. மூன்று இரவு அங்கே. ஆறாம் நாள் வடக்கே அறுபது மைல் சொச்சம் போனால் யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ். யெல்லோஸ்டோனுக்குள் இந்த மூன்று இணைப்பும் உள்ள ஒரே இடம் அதுதான். அங்கே நாலு இரவு. பத்தாம் நாள் மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் ஓர் இரவு. பதினொன்றாம் நாள் ஐடஹோ வழியாகத் தெற்கே இறங்கி, லாவா ஹாட் ஸ்பிரிங்ஸில் வெந்நீர்க் குளத்தில் எல்லாரும் உடம்பை ஊறவைத்துவிட்டு, பிரிகாம் சிட்டி பக்கம் தூங்குங்கள். மறுநாள் காலை சால்ட் லேக்கில் வண்டியை விட்டுவிட்டு ஒரு மினிவேன். பிரைஸில் இரண்டு இரவு, சயானில் இரண்டு இரவு, வேகஸிலிருந்து விமானம். ஆர்.வி. ஓடுவது மொத்தம் ஆயிரம் மைல் அளவுதான். கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் தரும் வண்டி அது. மூவாயிரம் மைல் பெட்ரோலையும் ஆயிரம் மைல் பெட்ரோலையும் கணக்குப் பண்ணிப் பாருங்கள், மினிவேன் வாடகையில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும்.

ஃபிஷிங் பிரிட்ஜில் நாலு இரவு எதற்கு என்று கணவர் கேட்கலாம். யெல்லோஸ்டோன் 22 லட்சம் ஏக்கர். உள்ளே எட்டு வடிவத்தில் சுற்றும் சாலையே 142 மைல், அதிகபட்ச வேகம் 45 மைல், அதுவும் காட்டெருமைகள் வழிவிட்டால். ஒரு நாள் முழுக்க ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பக்கம். வெந்நீர் ஊற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் பொங்கும், சுற்றிப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், மாமியார் வசதியாக உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு நாள் யெல்லோஸ்டோன் கேன்யன் அருவிகள். ஒரு நாள் ஏரிக்கரையில் ஒன்றும் செய்யாமல் இருங்கள்.

இன்னொரு நாள் ஹேடன் பள்ளத்தாக்குக்கு விடியற்காலையில் போங்கள். ஃபிஷிங் பிரிட்ஜிலிருந்து பக்கம்தான். நான் என் அம்மாவை அழைத்துப் போனபோது ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். ஆற்றின் மேல் பனிமூட்டம் கிடந்தது. சாலையோரம் வண்டியை ஒதுக்கி, அடுப்பில் டீக்குப் பால் வைத்தேன். பால் பொங்கும் முன்பே ஒரு காட்டெருமைக் கூட்டம் புல்வெளியிலிருந்து ஏறிச் சாலைக்கு வந்துவிட்டது. எங்கள் ஜன்னலை ஒட்டி ஒரு தாய் கன்றோடு நடந்தது. மூச்சு விடும்போது மூக்கிலிருந்து ஆவி வருவதும், பழைய குளிர்காலத்து ரோமம் விலாவில் கந்தலாகத் தொங்குவதும் தெரிந்தது. அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார். "நம்ம எருமை மாதிரியே தலையை ஆட்டுதுடா" என்றார். வயதானவர்களுக்கு ஆர்.வி. தரும் சுகம் இதுதான். சூடான டீ, பக்கத்திலேயே பாத்ரூம், முதுகு வலித்தால் அங்கேயே படுக்கை. ஓட்டலுக்குத் திரும்பிப் போகும் அவசரம் இல்லை.

ஆனால் வண்டியை விட்டு இறங்கிக் கிட்டே போய்ப் போட்டோ எடுக்க யாரையும் விடாதீர்கள். காட்டெருமையிடமிருந்து 25 கெஜம், கரடி ஓநாயிடமிருந்து 100 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் இடத்தில் பலகைப் பாதையை விட்டு ஓர் அடி கூட இறங்கக்கூடாது. மேலே காய்ந்த மண்ணாகத் தெரியும், அடியில் கொதிக்கிற தண்ணீர். ஐந்து வயதுப் பிள்ளையின் கையை யார் பிடிப்பது என்று ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வண்டி அளவு. 32 அடி வேண்டாம், 25 அடி போதும். பூங்காவின் பார்க்கிங்கில் பத்து மணிக்கு மேல் 32 அடி வண்டிக்கு இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். முன்பதிவு செய்யும்போது "ஆறு பேர் தூங்கலாம்" என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்துவிடாதீர்கள், ஆறு சீட் பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்னவனின் கார் சீட்டை முன்பக்கம் பார்த்த சீட்டில், பெல்ட் உள்ள இடத்தில் மாட்ட வேண்டும். டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் படுக்கை பிள்ளைகளுக்கு, பின்னால் இருக்கும் கட்டில் பெரியவர்களுக்கு. நீங்கள் இருவரும் டேபிள் படுக்கையில் படுக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் இடுக்குதான்.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது என் தவறும் கூட. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சனிக்கிழமை கூட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு எல்லாம் விளக்கிவிட்டு வண்டியின் உயரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. காபி வாங்க டிரைவ்-த்ரூவில் நுழைந்து, கூரையில் ஏ.சி. பெட்டியைப் பெயர்த்துவிட்டார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் அவர்கள் விடுமுறையின் முதல் இரண்டு நாள் எங்கள் ஷெட்டிலேயே போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டியிலும் உயரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, டிரைவர் கண்ணுக்கு நேரே டேப் போட்டு ஒட்டினேன். நீங்களும் சாவி வாங்கியதும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அப்புறம் ஒரு காலியான பெரிய பார்க்கிங்கில் கணவர் அரை மணி நேரம் ஓட்டிப் பழகட்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நிறைய நீண்டிருப்பதால், வலப்பக்கம் திருப்பினால் வால் இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்கில் தூணை இடிப்பது இதனால்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது நீங்கள் இறங்கி, அவர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று கை காட்டுங்கள். உங்களைக் கண்ணாடியில் காணவில்லை என்றால் அவர் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கழிவுத் தொட்டி என்றால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள், பழகினால் ஐந்து நிமிட வேலை. கையுறை போட்டு, குழாயை நன்றாகத் திருகி மாட்டி, முதலில் கழிவறைத் தொட்டியைத் திறங்கள். அது காலியானதும் மூடிவிட்டு, குளித்த தண்ணீரின் தொட்டியைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். கேம்ப்பில் இணைப்பு இருக்கிறதே என்று கழிவறைத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைத்துவிடாதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். முக்கால்வாசி நிறைந்த பிறகு திறந்தால் போதும்.

சமையலுக்கு வருகிறேன். பிரஷர் குக்கர் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஃபிஷிங் பிரிட்ஜ் 7,700 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் வைத்தால் பருப்பு வேகவே வேகாது. குக்கரில் கூட வழக்கத்தை விட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். இட்லி மாவு கொண்டுபோகாதீர்கள், ராத்திரி அங்கே ஜூனிலும் உறைநிலையைத் தொட்டுவிடும், புளிக்காது. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வறுத்த ரவை, கொஞ்சம் வடகம் இருந்தால் பதினொரு நாள் ஓட்டிவிடலாம். கடுகு தாளிக்கும் முன் எக்ஸாஸ்டைப் போட்டு ஜன்னலைத் திறங்கள், இல்லையென்றால் ஸ்மோக் அலாரம் அலறும். அதைக் கழற்றி மட்டும் வைக்காதீர்கள். கேஸ் அடுப்பும் ஹீட்டரும் உள்ள சின்ன இடம் அது, அலாரம் வேண்டும்.

வண்டியில் வரும் கரண்ட் பெரும்பாலும் 30 ஆம்ப், அதாவது 3,600 வாட். ஹீட்டர், மைக்ரோவேவ், கெட்டில் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகும். ஒன்றை முடித்து ஒன்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் எழுந்ததும் ஒரு ஸ்பூன் கூட அங்கே இருக்கக்கூடாது. அது கரடி நாடு. கழுவாத பாத்திரம், குப்பைப் பை, ஐஸ் பெட்டி, எல்லாம் வண்டிக்குள். அதனால்தான் ஃபிஷிங் பிரிட்ஜில் கூடாரம் போடவே விடுவதில்லை, கெட்டியான சுவருள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி. மாமியாரிடம் இதைச் சொன்னால் பயப்படுவார். அந்தச் சுவர் அவரைப் பாதுகாக்கத்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மாமனாரின் மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கு உங்கள் கைப்பையில் இருக்கட்டும். இந்த உயரத்துக்குப் போகலாமா என்று கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த உயரத்தில் முதல் இரண்டு நாள் மெதுவாக நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஃபிஷிங் பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே லேக் வில்லேஜில் கோடையில் ஒரு கிளினிக் திறந்திருக்கும். விசிட்டர் இன்ஷூரன்ஸ் காகிதத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பூங்காவுக்குள் பல இடங்களில் போன் சிக்னல் வராது.

நுழைவுக் கட்டணம் 2026 ஜனவரியில் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு வருடப் பாஸ் 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250 டாலர். இது தவிர, பெரிய 11 பூங்காக்களில் வருடப் பாஸ் இல்லாத வெளிநாட்டுப் பயணிகள், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். நான் சொன்ன நாலு பூங்காவும் அந்தப் பதினொன்றில் இருக்கின்றன. இரண்டு பேர், நாலு பூங்கா, 800 டாலர் ஆகிவிடும். மாமனார் பேரில் 250 டாலர் பாஸ் ஒன்று எடுத்துவிடுங்கள், வண்டியில் இருக்கும் எல்லாருக்கும் அதுவே பொருந்தும். அவருடைய பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். கிளம்பும் முன் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் கட்டணத்தை ஒரு தரம் சரிபாருங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். விமான டிக்கெட்டையோ வண்டியையோ தொடாதீர்கள். முதலில் ஃபிஷிங் பிரிட்ஜில் நாலு இரவு கிடைக்கிறதா என்று பாருங்கள், ஜூன் பாதிக்கு மேல் தேதி பார்த்தால் நல்லது. அங்கே ஒரு வருஷத்துக்கு முன்பிருந்தே பதிவு செய்துவிடுகிறார்கள். இடம் இல்லை என்று வந்தாலும் விட்டுவிட வேண்டாம், ரத்து செய்கிறவர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள், காலையில் ஒரு தரம் ராத்திரி ஒரு தரம் என்று இரண்டு வாரம் பாருங்கள். அது கிடைத்த பிறகு கோல்ட்டர் பே, அதற்குப் பிறகு வண்டி, கடைசியில் டிக்கெட். எந்தத் தேதி கிடைத்தது என்று எழுதுங்கள், மற்ற நாட்களை அதற்கேற்ப நகர்த்தித் தருகிறேன்.